மஞ்சள் கேட் வைத்த மார்கழி

எங்கள் வீட்டு கேட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லி அடம்பிடித்தவன் நான்தான். வேறு யாராவது போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுவது கௌரவம்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பது சிட்லபாக்கத்தில் எங்கள் குடும்ப வழக்கம். கேக் இல்லாமல் போனாலும் போகும், பெயின்ட் தப்பாது. வருடா வருடம் அதே பச்சைதான். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் கிரிக்கெட் பைத்தியம் முற்றி, மஞ்சள்தான் வேண்டும் என்று ஒரு வேளை சாப்பாட்டைத் துறந்தேன். அன்றைக்குப் பாகற்காய் என்பதால் பெரிய நஷ்டமில்லை. அப்பா இறங்கி வந்தார். பெயின்ட் காய்ந்த அன்றே ஒருவர் வந்து, "ஆட்டோ வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது அத்தை எங்களோடு இருந்தார். அப்பாவின் அக்கா, தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. தினமும் என்னை யார் என்று கேட்பார். நானும் தினமும் ஒரு பதில் சொல்வேன். ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போடுகிறவன், ஒரு நாள் கலெக்டர். கலெக்டரைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட்டார்.

மார்கழி பிறந்தால் அம்மாவுக்குக் கவலையும் கூடவே பிறந்துவிடும். நம் ஊர்க் குளிரை யாரும் ஒரு குளிராக மதிப்பதில்லை. ஆனால் அத்தைக்குத் தனக்குக் குளிர்கிறது என்பதே தெரியாது. நடுங்கிக்கொண்டே ஃபேனைப் போடச் சொல்வார். ஸ்வெட்டரை மாட்டிவிட்டால், "இது யாரோடதும்மா?" என்று கழற்றி அழகாக மடித்து வைத்துவிடுவார். முந்தைய வருடம் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கேட்டில் ஒரு மணி கட்டியிருந்தோம். விடிந்ததும் அத்தை பால் பாக்கெட் எடுக்கக் கேட்டைத் திறப்பார். மணி அடித்ததும் அம்மா ஸ்வெட்டரோடு ஓடுவார்.

அந்த மணியைக் கழற்றியவனும் நான்தான். ஞாயிறு பள்ளிக் கிறிஸ்மஸ் நாடகத்தில் எனக்கு ஆட்டுக்குட்டி வேடம். வசனம் கிடையாது, கழுத்தில் மணியாவது இருக்கட்டுமே என்று எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை பால் பாக்கெட் பையிலேயே தொங்கியது. கேட் திறந்து கிடந்தது. ஸ்வெட்டர் கட்டிலில் இருந்தது. அத்தையைக் காணோம். வெளியே தூறல் நின்று பனி இறங்கியிருந்தது, எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

"மணி எங்கடா?" என்றார் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்குத்தான் வசனம் கிடையாதே.

அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். முதலில் ஏரிக்குத்தான் போனார். கரை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார். மூன்றாவது தெருவில், கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற ஓர் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், டீச்சரம்மாவத் தேடுறீங்களா? உள்ளதான் இருக்காங்க. இது அவங்க வீடாம். நானும் சரின்னுட்டேன். என் கோலத்துக்குப் பத்துக்கு ஏழு போட்டிருக்காங்க!"

அந்த வீட்டு கேட் பச்சை.

உள்ளே அத்தை ராணி மாதிரி நாற்காலியில் இருந்தார். ஈரக் காலைச் சுற்றி ஒரு துண்டு, தலையில் அந்த வீட்டுக்காரரின் குரங்குக் குல்லா, கையில் சூடான பால். "அந்த மஞ்சள் கேட் வீட்டுக்கு யாரோ புதுசா வந்திருக்காங்க, ரசனையே இல்லாதவங்க," என்று அப்பாவிடம் புகார் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா கீழே உட்கார்ந்து அத்தையின் பாதங்களைத் தேய்த்துவிட்டார். "வீட்டுக்குப் போலாம்க்கா."

அத்தை அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க யாரு சார்? காது அப்படியே என் தம்பிக்கு இருக்கிற மாதிரியே இருக்கு."

என்னைப் போல அப்பாவும் கலெக்டர், கிலெக்டர் என்று ஏதாவது எடுத்துவிடுவார் என்று சிரிக்கத் தயாரானேன்.

"அவர்தான் டீச்சர் அனுப்பினார். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்." அப்பா தன் ஸ்வெட்டரைக் கழற்றினார். "இதையும் கொடுத்து விட்டார்."

யார் கெஞ்சியும் ஸ்வெட்டர் போடாதவர், குழந்தை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். போட்டுக்கொண்டதும் தலையிலிருந்த குல்லாவை உருவி அப்பாவிடம் நீட்டினார்.

"இத அவன்கிட்ட கொடுத்துடுங்க சார். அவனுக்கு வீசிங். பனி பட்டா தூங்கவே மாட்டான், பாவம். காத நல்லா மூடிக்கச் சொல்லுங்க."

அந்த அக்கா, "எடுத்துட்டுப் போங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லி, அத்தையின் தலையில் வேறொரு துண்டைச் சுற்றிவிட்டார். அப்பா அங்கேயே குல்லாவை மாட்டிக்கொண்டார்.

அத்தையை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அப்பா தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னாலிருந்து அத்தையைப் பிடித்துக்கொண்டு, என் வகுப்புப் பையன் எவனும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று ஜெபித்தேன். அத்தைக்குச் சளி பிடிக்கவில்லை. எனக்குத்தான் பிடித்தது.

மத்தியானம் வெயில் சுள்ளென்று ஏறியது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் அப்பா இன்னும் குல்லாவோடேயே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பயமாகிவிட்டது. சமையலறைக்குப் போய் ரகசியமாகக் கேட்டேன்:

"அம்மா, அப்பாவுக்கும் மறதி வந்துடுச்சா? குல்லாவக் கழட்டவே மறந்துட்டாரு."