நடைச் சுவிச்சுக்குக் காவல்

எட்டு வயதில் ஒரு மாலை முழுவதும் நான் ஒரு சுவிச்சுக்குக் காவல் நின்றிருக்கிறேன். கள்ளன் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுத்த கதைதான். ஆனால் கள்ளன் யாரென்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியகல்லாற்றில் நாங்கள் இருந்தது அம்மப்பா கட்டிய வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அந்த வீடு அம்மாவின் தங்கையான சின்னம்மாவின் சீதனம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. எங்களுக்கென்று பின்வளவில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. ஆகவே அப்பா அங்கே சொந்தக்காரரும் இல்லை, விருந்தாளியும் இல்லை. வாவியில் வலை போடுகிறவர் அவர். இடையில் இரண்டு வருடம் கட்டாரில் வயரிங்காரருக்குக் கையாளாக நின்று வந்ததால், கரண்ட் விஷயம் தனக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு அம்மாவின் மூத்த அண்ணனான மாமாவுக்குக் கட்டோடு பிடிக்காது. அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மாமாவைக் கேட்க வேண்டும்.

சின்னம்மாவுக்கு முதலில் வந்த சம்பந்தக்காரர் வாசற்படியில் கால் வைத்த நேரம் பார்த்து ஊர் முழுக்கக் கரண்ட் போனது. சகுனம் சரியில்லை என்று சொல்லி அவர்கள் விட்டுவிட்டார்கள். சின்னம்மா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இரண்டாவது சம்பந்தம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீடு பார்ப்பதென்றால் சும்மா இல்லை, கிணறு, குசினி, கூரைமரம் ஒன்றும் தப்பாது. சுவரில் வெடித்துப்போயிருந்த கறுப்புச் சுவிச்சுகளை மாற்றிவிடலாம் என்று அப்பா சொன்னார்.

“வயரிங் பாஸக் கூப்பிடுவமே மச்சான்” என்றார் மாமா. கைதேர்ந்த தொழில்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள்.

“இதுக்கேன் பாஸ்? அரைநாள் வேல” என்று அப்பா முந்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாச் சுவிச்சும் மாறிவிட்டன, விறாந்தைக்கு உள்ளே இருந்த பெரிய அறை லைட்டைத் தவிர. அந்த ஒரு லைட்டுக்கு இரண்டு சுவிச்சுகள். ஒன்று முன்வாசலில், மற்றது குசினிக்குப் போகும் நடையில். எதில் போட்டாலும் எரியும், எதிலும் அணைக்கலாம். இரண்டு பெட்டியிலும் மூன்று மூன்று வயர்கள், ஆறும் ஒரே சிவப்பு. அப்பா கவனமாகத்தான் இருந்தார். கழட்டும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் முக்கியமான வயர் எது என்று பார்த்து, அடையாளத்துக்கு ஒரு துண்டு மஞ்சள் நூலைக் கட்டினார். அந்த நூலை அவர் எடுத்தது சாமித்தட்டில் இருந்து. அங்கேதான் வந்தது வினை.

இரண்டு மாதத்துக்கு முன்தான் எனக்குக் கொப்புளிப்பான் போட்டு இறங்கியிருந்தது. அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலையில் கிடத்தி, கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் பூசிய நூலை அம்மா என் கையில் கட்டினார். மிச்ச நூல்தான் சாமித்தட்டில் கிடந்தது. அதைக் கண்ட இடத்தில் போட்டால் அம்மாள் திரும்பி வருவா என்று அம்மா சொல்லியிருந்தார். அந்த நூல் கரண்ட் வயரில் தொங்குவதைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கத் தொடங்கிவிட்டது. அப்பா குளிக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார். மெயின் சுவிச்சு இறக்கியே இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு துண்டையும் அவிழ்த்து, அம்மன் படத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக வைத்துக் கும்பிட்டேன். பெரிய ஆபத்திலிருந்து அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், நடைக்குப் போய் அங்கேயும் பார்த்தார்.

“இதில நூல் கட்டியிருந்தனே. மகள், நீ கண்டியா?”

“இல்லப்பா” என்றேன். பொய் இவ்வளவு இலகுவாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் மனக்கணக்கில் பூட்டிவிட்டு மெயினைப் போட்டார். முன்சுவிச்சைத் தட்டினார், லைட் எரியவில்லை. நடைச் சுவிச்சைத் தட்டிவிட்டு வந்து திரும்பவும் தட்டினார், எரிந்தது. நடையில் மாற்றினால் அணைந்தது, பிறகு முன்சுவிச்சு செத்துப் போனது. மெயினை இறக்கினார், கழட்டினார், மாற்றினார், மெயினைப் போட்டார். இப்படி நாலைந்து தரம். ஒவ்வொரு தரமும் அவருடைய விரல் அந்தப் பெட்டிக்குள் போகும்போது நான் மனதுக்குள் அம்மனைக் கும்பிடுவேன். நான் சொன்ன பொய்க்கு அம்மன் அப்பாவைத்தான் பிடிப்பா, அதுவும் கரண்ட்டாக வந்து பிடிப்பா என்று நடுங்கிப் போனேன். மெயின் இறங்கித்தான் இருக்கிறதா என்று ஓடி ஓடிப் பார்த்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னம்மா பாதி உடுத்த சேலையோடு வந்து நின்றார்.

“அத்தான், அவங்க வாறதுக்குள்ள எரியுமா?”

அப்பா பெட்டிக்குள் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார். சின்னம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிடுவோம் என்று அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்தேன். அப்போது பார்த்து ஒழுங்கையில் வான் வந்து நின்றது.

“காணும் மச்சான். இனிக் கை வைக்க வேணாம்” என்றார் மாமா.

அப்பா அவசரமாக மூடியைப் பூட்டினார். நடைச் சுவிச்சு கீழே இருக்கும் வரைக்கும் முன்சுவிச்சு ஒழுங்காக வேலை செய்தது. அவர் குனிந்து என் காதில் சொன்னார்: “இத ஆரும் தொடாமப் பாத்துக்கொள்ளு மகள். இது மேல போனா லைட் நிண்டுரும்.”

நான் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் படியேறும்போது லைட் பளிச்சென்று எரிந்தது. தேத்தண்ணி வந்தது, பேச்சு வந்தது, சிரிப்பும் வந்தது. நான் சுவரை விட்டு அசையவில்லை. பிறகு மாப்பிள்ளையின் தாய் குசினி பார்க்க எழும்பினார். நடை இருட்டாக இருந்தது. அவருடைய கை நேரே என் தலைக்கு மேலே வந்தது.

“விலகு புள்ள, லைட்டப் போடுவம்.”

“தொடாதீங்க, சொக் அடிக்கும்” என்று கத்திவிட்டேன்.

அறைக்குள் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. குசினி வாசலில் சின்னம்மா தட்டத்தோடு அப்படியே நின்றார். மாமா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா எழும்பி வந்தார்.

“சொக் இல்லக்கா. இண்டைக்குத்தான் சுவிச்சு மாத்தினன், வயர மாறிப் பூட்டிட்டன். பிழை என்னிலதான். புள்ள பயந்திட்டா.”

அந்த அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சுவிச்சைத் தட்டினார். வீடு இருண்டது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திரும்பவும் ஒரு தட்டுச் சத்தம், வெளிச்சம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கட வீட்டு ஆம்பிளைகள் ஒருத்தரும் இப்பிடி ஒரு வேலையத் தொடக்கூட மாட்டாங்க. சுவிச்சென்ன, நாளைக்கு மாத்தலாம்” என்று சொல்லிவிட்டுச் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனார். அன்றைக்கே நாள் குறிக்கச் சொன்னார்கள். சின்னம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்.

அடுத்த நாள் காலை மாமா வயரிங் பாஸைக் கூட்டிவந்தார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

“ஆறும் ஒரே நிறம். கழட்டக்குள்ள ஒரு நூலக் கட்டி வச்சிருந்தா இவ்வளவு பாடு இல்லையே” என்றார் பாஸ்.

மாமா சிரித்தார். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் கை என் தலையில் வந்து இருந்தது.

“ஓம். மறந்து போனன்.”

“இனி இந்த வீட்டுல கரண்ட்டுல கை வைக்காதீங்க மச்சான்.”

“ஓம்” என்றார் அப்பா. நாங்கள் பின்வளவு வீட்டுக்குப் போகும் வரைக்கும் அவர் அங்கே ஒரு பல்பைக்கூட மாற்றவில்லை. பல்பு போனால் மாமா வரும் வரைக்கும் இருட்டில் இருப்போம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமித்தட்டைத் துடைக்கச் சொன்னார் அம்மா. படத்தை எடுத்தேன். நான் வைத்தது இரண்டு துண்டு நூல். இப்போது அங்கே கிடந்தது ஒரே நூல். நடுவில் சின்னதாக, இறுக்கமாக ஒரு முடிச்சு, நகத்தால் கிளப்பியும் அவிழவில்லை. அம்மன் என்னை மன்னித்துவிட்டா, தன் நூலைத் தானே சேர்த்துவிட்டா. ஒரு கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

சந்தோஷம் தாங்காமல் வெளியே ஓடினேன். அப்பா மாமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் சின்னதாக, இறுக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போயின. பக்கத்தில் குந்தியிருந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் அப்பா, வீட்டுக்குள் நடந்த அற்புதம் இவருக்குத் தெரியாதே என்று நினைத்தேன்.