எட்டு இழை மோவாய்

போன வாரம் பக்கத்து வீட்டுக் கல்பனா என் வாசலில் நின்று ஒரு கொய்யாக்காயை முன்பல்லால் கடித்தாள். இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? இருபத்து மூன்று வயதில் அவள் அப்படிக் கடித்த முதல் காய் அது!

கல்பனாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்தித்ததே இல்லை. அப்பா ஏகாம்பரத்துக்கும் அதே தாடைதான். பட்டுத் தறிக்காரர். பெரிய காஞ்சிபுரத்தில் அந்த மோவாயை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சில மாதங்கள் முன்பு ஆபரேஷன் விஷயமாகச் சென்னைக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். ஸ்கேனிலிருந்து எடுத்த கல்பனாவின் முக எலும்பு, டாக்டரின் கம்ப்யூட்டரில் சுற்றியது.

"எங்க வெட்டணும், எவ்வளவு நகர்த்தணும்னு இதுலயே முடிவு பண்ணிடுவோம். ஆபரேஷன் நடக்கும்போதும் கருவி எங்க இருக்குன்னு காட்டிக்கிட்டே இருக்கும்."

"நடுவுல கரண்டு பூடுச்சின்னா?" என்றார் ஏகாம்பரம்.

"வெட்டறது என் கைதாங்க. கம்ப்யூட்டர் வழி மட்டும்தான் சொல்லும்."

டாக்டர் மௌஸைத் தட்டினார். தாடை உள்ளே போனது. திருத்திய முகம் வந்தது. அழகான முகம்தான்... ஏகாம்பரம் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது யார் வூட்டுப் பொண்ணுன்னு தெரியலியே சார்..."

கல்பனா அப்பாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "மோவாயைக் கொஞ்சம் முன்னால விடுங்களேன்" என்றாள்.

"பல்லு சேர்ற இடத்துல சமரசம் கிடையாதும்மா. மோவாய் நுனியை வேணா பார்க்கலாம். எவ்வளவு?"

அவ்வளவுதான், ஏகாம்பரம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். புடவை டிசைனும் இப்போது கம்ப்யூட்டரில்தானே போடுகிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து அன்னத்தையும் மயிலையும் நகர்த்தச் சொல்லிப் பழகிய மனுஷர்.

"ஒரு எட்டு இழை விடுங்க."

டாக்டர் விழித்தார். "பயப்படாதீங்க, தையல் எல்லாம் வாய்க்கு உள்ளதான். வெளிய தெரியாது."

இழை எங்கள் ஊரில் அளவும்தான் என்று சென்னை டாக்டருக்கு எப்படித் தெரியும்? கல்பனாதான் மொழிபெயர்த்தாள். "அப்பா பட்டு நூலை எண்ணிக்கினு இருக்காரு டாக்டர். எட்டு இழைன்னா ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட வரும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே மோவாயை முன்னால் கொண்டுவந்தார்.

"ஆங்... இப்ப நம்ம பொண்ணு" என்றார் ஏகாம்பரம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீக்கமெல்லாம் வடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கொய்யா. "எங்கேம்மா வாங்கினே?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல சார். விக்கிற அம்மா என்னைப் பார்த்துட்டு, 'தறிக்கார ஏகாம்பரம் பொண்ணுதானே நீ'ன்னு கேட்டு சும்மாவே குடுத்துச்சி" என்றாள், இன்னொரு கடி கடித்தபடி.

டாக்டர் சொன்னது சரிதான். தையல் தெரியவே இல்லை... இழை மட்டும் நன்றாகத் தெரிகிறது!