பாடகிக்குப் பல் கட்டியது யார்?

ஊரில் பாதிப் பேர் பல்லக்காவின் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். ஆனால் அவளை ஒருவருக்கும் தெரியாது. பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார். அவள் வீட்டின் பின்னறையில் அதை வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முழுப் பல்செட்டாகத் திருப்பி அனுப்புவாள். பல் கட்டிக்கொண்டவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு டாக்டருக்கு நன்றி சொல்லிப் போவார். முப்பது வருடமாக இதுதான் வழக்கம். இதில் தனக்கு வருத்தமே கிடையாது என்பாள் பல்லக்கா. கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

மெழுகு வேலைக்குப் பல் தேய்க்கிற மோட்டார் ஓடாது. அந்த நேரங்களில் பின்னறையில் ஒரே ஒரு குரல்தான் ஓடும். ஜாஸ் பாடும் ஓர் அம்மாளுடைய குரல். ஓய்வு பெற்றுப் போன பழைய டாக்டர், நோயாளிகளின் பயம் தெளியப் போட்டுக்கொண்டிருந்த இசைத்தட்டுகளை அவற்றைப் போடுகிற பாட்டுப்பெட்டியோடு இவளிடம் கொடுத்துவிட்டார். மொத்தம் இருபத்தாறு. முதல் தட்டில் அந்த அம்மாளுக்கு வயது பத்தொன்பது, கடைசியில் எழுபத்தெட்டு. பாட்டின் பாஷை பல்லக்காவுக்கு முழுசாகப் புரியாது. வாய் புரியும். எந்தச் சொல்லுக்கு நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எங்கே மடிகிறது என்று கண்ணால் பார்ப்பது மாதிரி சொல்லுவாள்.

அப்படிக் கேட்டுக் கேட்டு அவள் ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தாள். முதல் பதினைந்து தட்டுகளில் அந்த அம்மாள் குதிரை வேகத்தில் பாடுவார். பிறகு மூன்று வருடம் பாட்டே இல்லை. பதினாறாவது தட்டில் வேறு ஆளாக வருகிறார். பியானோவையும் டிரம்மையும் முன்னால் போகவிட்டு, பின்னால் சாவகாசமாக நடந்து வந்து சொல்லைப் பிடிக்கிறார். உறையின் பின்பக்கத்தில் யாரோ ஒருவர் அதை வயதின் பக்குவம் என்று எழுதியிருந்தார். பல்லக்காவுக்கு அதைப் படித்தாலே எரிச்சல். பக்குவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் மேல் செட்டுக் கட்டியிருக்கிறார். அதே தட்டின் மூன்றாவது பாட்டில், ஒரு வரி முடிகிற இடத்தில், ஊசி மாதிரி ஒரு விசில் வரும். முன்பல்லுக்குப் பின்னால் கனம் சரியில்லாவிட்டால் வருகிற விசில் அது. பதினேழாவது தட்டில் அது போய்விட்டது. அப்படியென்றால் எங்கோ ஒரு பின்னறையில், தன்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து அதைச் சரிசெய்திருக்கிறாள் என்பது பல்லக்காவின் முடிவு. அந்தப் பெயர் தெரியாத பல்காரியை அவள் கூடப்பிறந்தவளைப் போல நேசித்தாள். வீட்டுக்காரர், "நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று சொல்லிவிட்டு, காலால் தாளம் போட வசதியான பழைய தட்டுகளைக் கேட்பார்.

இந்த நிலையில்தான் நாத்தனாருக்கு ஈறு கெட்டு மேல்பல் அத்தனையும் எடுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்காரரின் தங்கை அவள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் செட்டை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று அவளேதான் டாக்டரிடம் சொன்னாள்.

செட் பார்க்க அழகாக வந்தது. பேசினால்தான் வினை. அதுவும் அந்த ஒரு சத்தம். 'சரி' என்றால் விசில், 'பஸ்' என்றால் பெரிய விசில். பஸ் என்று சொல்லாமல் பஸ் நிலையத்தில் என்ன வேலை பார்ப்பது? மேலாளர் ஏற்கெனவே பதிவுக் குரல் இயந்திரம் ஒன்றின் விவரத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை மைக்கில் கேட்டுப் பார்ப்பாராம். சரியில்லை என்றால் இயந்திரம் வரும், நாத்தனார் கிடங்கு வேலைக்குப் போவாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்!

பல்லுக்காகப் போட்ட லீவு முடியும்வரை அவள் அண்ணன் வீட்டிலேயே வந்து தங்கினாள். பல்லக்கா செட்டின் அண்ணத்தில் முகப்பவுடரைத் தடவி மாட்டி, "சா சொல்லு, சீ சொல்லு" என்பாள். கழற்றிப் பார்த்தால் நாக்குத் தொட்ட இடத்தில் பவுடர் அழிந்திருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்து ஓர் இடத்தில் கனம் கூட்டுவாள், ஓர் இடத்தில் தேய்ப்பாள். மூன்று தடவை ஆயிற்று. மூன்றாவது தடவை தடம் புத்தகத்தில் போட்ட படம் மாதிரி விழுந்தது. நிதானமாகச் சொன்னால் விசில் காதில் விழவில்லை. அறிவிப்பு வேகத்தில் சொன்னால் பழைய குருடி கதவைத் திறடி. பல்லக்கா நாத்தனாரின் நாக்கைக் குறை சொன்னாள். நாத்தனார் அண்ணியின் கையைக் குறை சொன்னாள். வீட்டுக்காரர் இரண்டு நாள் வெளியிலேயே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பல்லக்கா பதினாறாவது தட்டையும் பதினேழாவது தட்டையும் போட்டுத் தன் கண்டுபிடிப்பை விளக்கினாள். பல்காரி நினைத்தால் முடியும், இன்னொரு தடவை தேய்க்கிறேன் என்பது அதன் சாரம். நாத்தனாருக்கு ஜாஸ் பிடிக்காது. வழி தெரியாமல் சுற்றுகிற பாட்டு என்பாள். அன்றைக்கு என்னவோ மறுபேச்சுப் பேசாமல் பாட்டுப்பெட்டியோடு எல்லாத் தட்டையும் வாங்கிக்கொண்டு போய் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பாட்டுப்பெட்டியையும் நாலாவது தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் முள்ளை வைத்தாள். அந்த அம்மாளுக்கு அப்போது வயது இருபத்து நாலு, வாய் நிறையச் சொந்தப் பல். பாட்டு ஓடுகிற ஓட்டத்தில், டிரம்மின் அடியில், அதே விசில்.

"ஏழுலயும் இருக்கு, ஒம்போதுலயும் இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார். "முதல்லேர்ந்தே இருக்கு. ஓடுற ஓட்டத்துல யாருக்கும் கேக்கல."

பல்லக்கா அதை நாலு தடவை போட்டுக் கேட்டாள். இருபத்திரண்டு வருடம் தன் குரலையே ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய காது பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சிரிப்பதற்காகக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். இத்தனை வருடம் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்த ஒருத்தி, எழுந்து போனாற்போல அந்த அறை காலியாகிவிட்டது.

"அப்ப பதினேழுல எப்படிப் போச்சு?" என்று விடாமல் கேட்டாள்.

"போகல. அதுலயும் இருக்கு. அந்தம்மா அதுக்கு இடம் விட்டுப் பாடறாங்க, அதனால நமக்குப் பாட்டாவே கேக்குது. நான்தான் ஐயோ வருதே வருதேன்னு ஓடறேன். நீங்க இதுக்கு மேல தேய்க்காதீங்க அண்ணி. செட்டு நல்லாத்தான் இருக்கு."

முப்பது வருடத்தில் தன் வேலையை நேருக்கு நேர் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பல்லக்கா கேட்டதில்லை. அரத்தைத் துடைத்து டப்பாவில் போட்டாள். ஒரு செட்டை இன்னும் கொஞ்சம் தேய்க்காமல் விடுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஞாயிறு முழுக்க நாத்தனார் பதினேழாவது தட்டோடு கூடவே அறிவிப்புச் சொல்லிப் பழகினாள். பியானோவோடு பஸ் கிளம்பியது, டிரம்மோடு வந்து நின்றது.

திங்கட்கிழமை பல்லக்கா வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்குப் போனாள். காத்திருக்கும் கூடத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். மேலாளர் தன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூன்றாவது மேடையில் நிற்கும்... பஸ்... இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும்."

விசில் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மூச்சு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் அது வந்து, உட்கார்ந்து, எழுந்து போயிற்று. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். வழக்கமாக அதை யாரும் பார்ப்பதில்லை. மேலாளர் இன்னும் இரண்டு அறிவிப்புகளைக் கேட்டார். பிறகு கண்ணாடி அறைக்குள் தலையை நீட்டி, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, அந்த வாரத்து வேலை அட்டவணையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி வழியாக அதைப் பார்த்த பிறகுதான் பல்லக்காவுக்கு மூச்சு வந்தது.

பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, "யாருங்க இது? காதுக்கு இதமாப் பேசறாங்க," என்று கேட்டாள்.

பல்லக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பல் நான் கட்டியது என்பது நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்றுதானே முப்பது வருடம்.

"என் நாத்தனாருங்க," என்றாள்.