பாலறை எந்தப் பக்கம்?

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து எட்டாவது மாதம். ஒக்லாந்தின் பக்குரங்காவில் எங்கள் வாடகை வீட்டுக் கொடியில் உடுப்புகள் மூன்று நாளாகியும் காயாமல் தொங்கின. கயிறு கட்டியது நான். வெயில் தெற்குப் பக்கம்தானே விழும் என்று வீட்டுக்குத் தெற்கே இருந்த பின்வேலியோரமாக இழுத்துக் கட்டியிருந்தேன். நானும் கணவரும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மழை. அந்தக் கயிற்றில் வெயில் விழுந்ததை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

"இஞ்சரும், உம்மடை கொடியிலை உடுப்புக் காயாது, காளான்தான் முளைக்கும்," என்றார் கணவர்.

"கொடியிலை ஒரு பிழையும் இல்லை. உந்த நாட்டு வெயிலுக்கு உப்புமில்லை, உறைப்புமில்லை," என்றேன். பிழை என்னுடையது என்று ஒத்துக்கொள்கிற குணம் எனக்கு அப்போதும் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் நான் படவரைஞர். கட்டட வரைபடம் வரைவதுதான் பத்து வருடத் தொழில். ஒக்லாந்தில் அந்தச் சான்றிதழைப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஆகவே ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் ஒரு கொட்டகையில் வெங்காயம் தரம் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். விரலில் மை மணத்த இடத்தில் வெங்காயம் மணத்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதை நினைத்து, வேலையாட்களை ஏற்றிப்போகிற வானில் பலநாள் அழுதிருக்கிறேன்.

கொட்டகைக்குப் பக்கத்தில் முதலாளியம்மாவின் பழைய பண்ணைவீடு இருந்தது. அவருடைய பாட்டனாரின் தகப்பன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்திலிருந்து கப்பலேறி வந்து கட்டியது. அதைத் திருத்துவதற்கு முதலில் இருக்கிறபடி அளந்து ஒரு வரைபடம் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நான் வரைந்து தருகிறேன்," என்று கையில் வெங்காயத்தோடு சொல்லிவிட்டேன். அவர் மனுகாவில் உள்ள தன் கட்டடக்கலைஞரிடம் கேட்டார். படம் சரியாக இருந்தால் தன் அலுவலகத்தில் ஒரு மேசை காலியாக இருக்கிறது என்று அந்த மனிதர் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அளவுநாடாவோடு அந்த வீட்டின் முன்னால் போய் நின்றேன். முதல் வேலை திசை குறிப்பது. திசைகாட்டி யாரிடம் இருக்கிறது? நிழலைப் பார்த்தேன். உச்சி வெயில் தெற்கே சாயும், நிழல் வடக்கே விழும். ஊரில் தை மாதத்தில் எத்தனை வளவில் அப்படிக் குறித்திருப்பேன்! நிழல் விழுந்த பக்கம் வடக்கு என்று அம்புக்குறி போட்டேன்.

பிறகு வீடு என்னைப் பிடித்துக்கொண்டது. கீழ்ச்சுவர் இரண்டடித் தடிப்பில் கறுப்பு எரிமலைக் கல். கூரை செங்குத்தாகச் சரிந்திருந்தது. பனி வழுக்கி விழுவதற்கான சரிவு அது, ஆனால் புக்கெகோஹியில் யார் பனியைக் கண்டது? நடுவில் ஒரு பெரிய அடுப்பு, அதன் வயிற்றுக்குள் மாவைப் பிசைந்து பாண் சுடுகிற இன்னொரு அடுப்பு. கதவுகளோ, நானே தலை குனியவேண்டிய உயரம். "என்ன மனுசனப்பா நீ?" என்று கட்டியவரோடு கதைத்துக் கதைத்து அளந்தேன்.

ஒரு மூலையில் இரண்டு படி கீழே இறங்குகிற சிறிய அறை. கல் பாவிய தரை, கல் தட்டு, கண்ணாடி இல்லாமல் மரச்சட்டங்கள் வைத்த யன்னல். பால் குளிர வைக்கிற அறை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் அங்கேதான் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது! பெரிய யன்னல்களோடு ஆசையாகக் கட்டிய விருந்தறை, வீட்டின் மறுபக்கத்தில் இருண்டு பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. பாலை வெயிலில் வைத்து விருந்தாளியைக் குளிரில் இருத்துகிற பண்ணைக்காரன் உலகத்தில் உண்டா?

மூன்று வாரம் இரவும் பகலும் அந்தக் கேள்வி என்னை அரித்தது. படம் முழுவதையும் மையால் வரைந்து முடித்தபிறகும் விடவில்லை. கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், முதலாளியம்மாவிடமே போய்க் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டு என்னைப் பாலறைக்குள் கூட்டிப்போனார். "என் பாட்டனாரின் தகப்பன் தன் ஊர் வீட்டை அப்படியே பிரதி பண்ணினார். பாலறை வடக்கே, விருந்தறை தெற்கே. அவர்கள் ஊரில் வடக்குத்தானே குளிர்ந்த பக்கம். மூன்று வருடம் பால் திரைந்துகொண்டே இருந்ததாம். நான்காம் வருடம்தான் பாலை விருந்தறைக்கு மாற்றிவிட்டு, ஆட்கள் இங்கே வந்து இருந்தார்கள்."

"இல்லை, இந்த அறை தெற்கே..." என்று திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். மரச்சட்டங்களுக்கு ஊடாக ஒக்லாந்துக்குப் போகிற பாதை தெரிந்தது. ஒவ்வொரு நாளும் வடக்கேயிருந்து வான் என்னை ஏற்றிக்கொண்டு வருகிற அதே பாதை. அதற்கு மேலே நேராகச் சூரியன்.

ஐயோ! இந்த நாட்டில் சூரியன் வடக்கே அல்லவா நிற்கிறது! நான் போட்ட வடக்கு அம்பு தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அன்றிரவு சமையலறை மேசையில், பாதியாக உடைத்த சவர அலகால் மையைச் சுரண்டினேன். அம்புக்குறி ஒன்று, நாலு பக்க முகப்புகளின் திசைப் பெயர்கள், மொத்தம் ஐந்து இடம். தாள் கிழிந்தால் எல்லாம் போச்சு. கணவர் மூச்சுவிடாமல் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் மனுகாவில் அந்தக் கட்டடக்கலைஞர் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். சுரண்டிய ஐந்து இடத்திலும் விரலை வைத்தார்.

"இங்கே என்ன நடந்தது?"

மை கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மூன்று வருடம் திரைந்த பால் நினைவுக்கு வந்தது. "வடக்கைத் தெற்காகப் போட்டுவிட்டேன். பாலறை ஏன் வெயிலில் இருக்கிறது என்று யோசித்துத்தான் நேற்றுக் கண்டுபிடித்தேன்," என்றேன்.

"இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்?"

"எட்டு மாதம்."

அவர் தாளைக் கவனமாகச் சுருட்டினார். "அந்த ஆளுக்கு மூன்று வருடம் பிடித்தது. திங்கட்கிழமை வா."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பின்வேலிக்குப் போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்தேன்.

"என்னப்பா, வேலை கிடைச்சதோ இல்லையோ?" என்று கணவர் வாசலில் நின்று கத்தினார்.

"ஓம். உந்த ஈர உடுப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு முன்பக்கம் வாங்கோ," என்றேன்.