சாம்பார் பட்ட படிவம்

என் பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், நான்காக மடித்த படிவம் ஒன்று இருக்கிறது. மில் வேலையை விட்டு நின்றவர்கள் பி.எஃப். பணத்தை எடுப்பதற்காக எழுதிக் கொடுக்கும் படிவம் அது. என் பெயர், வீட்டுக்காரர் பெயர், வேலைக்குச் சேர்ந்த நாள் எல்லாம் நீல மையில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் எழுத்து இல்லை. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முருங்கைக்காய் சாம்பார் கறை. பதினோரு வருடமாகியும் அந்த மஞ்சள் போகவில்லை. அந்தக் கறைக்குக் காரணம் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. மில்லில் என்னைச் சேர்த்துவிட்டதே நாத்தனார்தான். கல்யாணமான சில வருடங்களில் அவருடைய கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அடுத்த தெருவில் தனியாக இருந்தார். விடிந்ததும் ஆலங்குடிப் பக்கம் வரும் மில் வேனில் எனக்கும் சேர்த்து ஜன்னலோர இடம் பிடித்து, தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது அதில் உட்காரப் போனால், “அது எங்க வீட்டு ஊமைக்கு, நீ அங்கிட்டுப் போ” என்பார். வேனே சிரிக்கும். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த ஊமைக்காக ஆபீசில் லீவு கேட்டதும், சூப்பர்வைசரிடம் சண்டை போட்டதும் அவர்தானே.

எங்கள் மில்லில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பெரிய செலவு வந்தால் வேலையை விட்டு நின்றுவிடுவார்கள். இரண்டு மாதம் வீட்டிலிருந்து, பி.எஃப். பணத்தை முழுதாக எடுத்துச் செலவு செய்துவிட்டு, மறுபடி புது ஆளாக வந்து சேருவார்கள். ஆபீசுக்கும் தெரியும். காதுகுத்துக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை என்று மூன்று நான்கு தடவை நின்றவர்கள் உண்டு. அந்தப் பணத்தை வயதான காலத்துக்கு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. பிடித்து வைத்த சம்பளம், கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான். நாத்தனாரும் முன்பு நின்றிருக்கிறார். கடைசியாக நின்றபோது இடுப்புவலி என்று சொன்னார், நானும் நம்பினேன்.

என் முறை வந்தது ஒரு ஆடி மாதத்தில். எங்கள் பக்கம் ஆடியிலும் ஆவணியிலும் மொய்விருந்து நடக்கும். முறை வந்த வீட்டுக்காரர்கள் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியதை அடுத்தடுத்த வருடங்களில், வைத்தவர்களின் விருந்து வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பிச் செய்வது பழையநடை. அதற்கு மேல் வைப்பது புதுநடை. புதுநடை வைக்காவிட்டால் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது என்று பொருள். அந்த ஆடியில் ஒரே வாரத்தில் ஐந்தாறு வீடு எங்களுக்கு. பழையநடைக்குத் தேறியிருந்தது; புதுநடைக்குக் கையில் ஒன்றுமில்லை. “பி.எஃப். சும்மாதானே கெடக்கு. மொய்யில போட்டா நம்ம விருந்துக்குத் திரும்பி வந்துரும்ல” என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அது சரியென்றே பட்டது. எட்டு வருட வேலையை விட்டு நிற்க முடிவு செய்து, படிவம் வாங்கி எழுதினேன்.

நாத்தனாரிடம் சொல்லவில்லை. பயம். ஆனால் கேன்டீனில் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சோற்றுத் தட்டின் அடியில் வைத்திருந்த படிவத்தைப் பார்த்துவிட்டார். இழுத்துப் பார்த்தார். அவருக்கும் படிப்பு அதிகமில்லை. ஆனால் அந்தத் தாளை நிறத்தை வைத்தே தெரியும்.

“என்னாத்தா இது?”

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

“ஒன்னத்தான் கேக்குறேன். எதுக்கு நிக்கப் போற?”

“மொய்க்கு அண்ணி. அவங்கதான் சொன்னாக.”

“அவன் சொல்லுவான். நாளைக்கிக் கெணத்துல குதிங்குறான், குதிச்சிருவியா?” என்றவர், படிவத்தை மடித்து, சாப்பிட்டு முடித்த தன் தூக்குவாளிக்குள் போட்டு மூடினார். வாளியில் மிச்சச் சாம்பார் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். “பி.எஃப்.ப சாம்பார்ல ஊறப் போட்டுட்டா” என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று திரும்பும் வேனில் அவர் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த பி.எஃப். பாடம் முழுவதும். “நம்ம சம்பளத்துல புடிக்கிறது ஒண்ணு. அதுக்குச் சமமா மில்லுக்காரன் போடுறது ஒண்ணு. அவன் போடுறதுல பெரும்பங்கு பென்சனுக்குன்னு தனியாப் போகுது. பத்து வருசம் ஆனாத்தான் அந்தப் பென்சன். நின்னு எடுக்கயில ரெண்டு பாரத்துல கையெழுத்து வாங்குவாங்க. ரெண்டாவது பாரத்துல போட்டமுன்னா அதுவரைக்கும் ஒழைச்ச வருசமெல்லாம் அழிஞ்சு போகும். மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும். இத எனக்கு எவனும் சொல்லல. ரெண்டுலயும் போட்டுட்டு வந்து, புதுசாச் சேந்தப்பறம்தான் ஆபீசுல சொன்னான்.” ஆஸ்பத்திரி, கல்யாணம், வீடு என்றால் வேலையை விடாமலே முன்பணம் கேட்கலாம், மொய்க்கு மட்டும் கேட்க முடியாது என்றார். கல்யாணத்துக்கு முன்னால் வாரிசாக அப்பா பெயரைப் போட்டிருந்தால் மாற்றி எழுதணும், பணம் ஏறுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கணும் என்றும் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டில் பெரிய சண்டை. “மொய்ய முறிச்சா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமாக்கா?” என்று வீட்டுக்காரர் கத்தினார். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவரின் மதிப்பு மொய் நோட்டில் தெரியும். நாத்தனார் நிதானமாகக் கேட்டார். “மொய் வச்சா நம்ம முறைக்கு ஒரு நா வரும், ஒரே நாள்ல போயிரும். பென்சன்னா சாகுற மட்டும் மாசாமாசம் வர்ற மொய். கறிச்சோறு போட வேணாம், பந்தல் வேணாம், திருப்பிச் செய்ய வேணாம். இவளுக்கு ரெண்டு வருசந்தான் கொறையுது. அதையும் அழிக்கப் போறியா?” வீட்டுக்காரர் எழுந்து மல்லிகைக் கொல்லைக்குப் போய்விட்டார்.

விருந்துக்கு நாத்தனாரே எங்களோடு வந்தார். பந்தலில் ஊர்வாரியாக மேசை போட்டு மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மேசையில் எழுதியவர் பழையநடையை எண்ணி வாங்கிக்கொண்டு, “புதுநடை?” என்று நிமிர்ந்தார். வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

“புதுநடை இல்ல. பழசு மட்டும் எழுது” என்றார் நாத்தனார்.

“என்னாத்தா, வீட்டுல ரெண்டு பேரு மில்லுக்குப் போறீக. சம்பளமெல்லாம் எங்கிட்டுப் போகுது?”

“மில்லுக்காரன் புடிச்சு வச்சிருக்கான். கெழவியானதும் குடுப்பான். அப்ப வாங்க மாமா, கறிச்சோறு போடுறேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எழுதியவரும் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். அந்த வாரம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். இரண்டு வீட்டார் இன்றுவரை எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. அந்த வருத்தம் வீட்டுக்காரருக்குப் போக நாளானது. நான் வேலையில் நின்றேன். நின்றேன் என்றால் தொடர்ந்தேன். பத்து வருடம் முடிந்த அன்று நாத்தனார் வேனில் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், “எங்க ஊமை பாஸாயிருச்சு” என்றார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து வேலையிலிருந்து விலகிய அன்று நானும் ஆபீசுக்குக் கூடப் போனேன். அங்கிருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்த முறை சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருடம் நான்கு மாதம் ஆகிறது என்றார். இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் பத்தாகக் கணக்கு வைப்பார்களாம். “பென்சன் வராதும்மா, சேந்த தொகையை மொத்தமாக் குடுத்துருவாங்க. போன தடவை எதுக்கும்மா வேலைய விட்டு நின்னீங்க? அதுக்கு முன்னாடி எட்டு வருசம் இருந்திருக்கு.” நாத்தனார் என்னைப் பார்த்தார். பிறகு, “இடுப்புவலி தம்பி” என்றார்.

பஸ்ஸில் வரும்போது, உண்மையில் எதற்காக அப்போது நின்றார் என்று நான் வாய் திறந்து கேட்டேன். அவரிடம் நான் வற்புறுத்திக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். முதலில் மழுப்பினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “ஒங்க கொல்லையில போர் போட்டீங்கல்ல. அந்த வருசம் மல்லியெல்லாம் காஞ்சு போச்சு. என் தம்பி வந்து ஒக்காந்து அழுதான். சீட்டு எடுத்தேன்னு சொல்லித்தான் அந்த பி.எஃப். பணத்தக் குடுத்தேன். அந்தப் போர்ல வர்றது தண்ணி இல்ல ஆத்தா, என் பென்சன். பாத்து எறை.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் கொல்லையில் பறித்த மல்லிகைதான்.

இப்போது எனக்கு ஐம்பது; முழுப் பென்சன் ஐம்பத்தெட்டில்தான். ஐம்பதிலேயே பென்சன் கேட்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் குறைத்துக் கொடுப்பார்கள் என்பதால் வேண்டாமென்று இருக்கிறேன். மாதாமாதம் பி.எஃப். பணம் ஏறியதும் போனில் தகவல் வரும். அதை என்னைவிட ஆவலாக எதிர்பார்ப்பவர் நாத்தனார். நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் வாசலில் நின்று, “ஏத்தா, இந்த மாசம் ஏறிருச்சா?” என்று கேட்பார்.

போன வாரம் எதையோ தேடும்போது அந்தப் படிவம் கையில் வந்தது. அவரும் இருந்தார். “இந்தக் கருமத்த இன்னுமா வச்சிருக்க?” என்று வாங்கி, முகர்ந்து பார்த்தார். எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். “எட்டு வருசம் இருங்க அண்ணி. பென்சன் வந்ததும் மாசாமாசம் பாதி ஒங்களுக்கு. எங்க வீட்டுக்கு நீங்க வச்ச மொய் அது. திருப்பிச் செய்யாம இருக்கக் கூடாதுல்ல.”

அவர் படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கறை உள்பக்கம் போகும்படி என் கையில் வைத்து அழுத்தினார்.

“சரி குடு. பழசு மட்டும் குடு. புதுநடை வைக்காத” என்றார்.