ஓசெல்லாவின் சிரிப்பு

"பின்னாடி நகரு" பாட்டுக்கு நீங்கள் எத்தனை முறை ஆடியிருப்பீர்கள்? கல்யாணத்தில், கல்லூரி விழாவில், யாரோ ஒருவருடைய பிறந்தநாளில்? முதலில் ஒரு ஆண் குரல் "பி-பி-பி-பின்னாடி!" என்று திக்கும். உடனே ஒரு சிறுமி கலகலவென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டிரம் வந்து விழும். உங்கள் கால் உங்களைக் கேட்காமலே ஓரடி பின்னே போகும். போகட்டும். திக்கியவன் யார், சிரித்தவள் யார் என்று ஒரு முறையாவது கேட்டதுண்டா?

சிரித்தவள் ஓசெல்லா க்ரட்சர். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் ஆரஞ்ச் மவுண்ட் பகுதிக்காரி. 1963 மார்ச்சில், அந்தப் பாட்டு பதிவானபோது, அவளுக்குப் பதினான்கு வயது. திக்கியவன் அவளுடைய அண்ணன் பர்னெல். பருத்திக் கிடங்கில் மூட்டை இழுத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும் சனிக்கிழமைகளில் தேவாலயத்தார் போகக்கூடாத இடங்களிலும் பாடியவன்.

பேசினால் திக்குவான், பாடினால் திக்கமாட்டான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திக்குவாய் உள்ள பலருக்கும் அப்படித்தான். மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தேவாலயத்தில் மட்டும் அதைக் கர்த்தரின் கிருபை என்றார்கள். அவன் கடையில் நின்று "பா-பா-பால்" என்று போராடிக்கொண்டிருக்கும்போது கர்த்தர் எங்கே போயிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழைய டயர் கடை ஒன்றைத்தான் இசைத்தட்டுக் கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தது. ரப்பர் வாசனை போகவே இல்லை. ஓசெல்லா அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் மத்தியானச் சாப்பாடாக ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு போனவள், அப்படியே டிரம்காரர் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் நகரணும்னு ஆடுறவனுக்கு முன்னாலயே தெரியணும், பர்னெல்," என்றார் கம்பெனி முதலாளி. "பாடாத. சும்மா பேசு. 'பின்னாடி'ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் பாட்டு."

பேசு என்றார். பர்னெலின் முகம் மாறியதை ஓசெல்லா பார்த்தாள். பார்த்தும், அவன் "பி-பி-பி" என்று இழுத்தபோது, வீட்டில் எப்போதும் சிரிப்பதுபோலவே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை; பழக்கம்தான். அவமானத்திலிருந்து தப்பிப்பவன்போல பர்னெல் பாட்டுக்குள் குதித்தான். அவன் அப்படி அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடவில்லை.

"இ-இ-இன்னொரு தடவை எடுக்கலாம் சார்," என்றான் முடிந்ததும்.

"பைத்தியமா உனக்கு? தொட்டா கெட்டுடும். பாப்பா, உன் சிரிப்பு தங்கம்!"

வீட்டுக்கு நடந்து வரும்போது பர்னெல் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினான். "நீ சிரிச்சது போகட்டும், ஓசி. வீ-வீட்ல சிரிக்கிறதுதான். அதை ஊ-ஊரே கேக்கணுமா?"

ஊர் கேட்டது. மெம்பிஸில் கறுப்பர்கள் போகிற ஒவ்வொரு கடையிலும் அந்த இசைத்தட்டு சுற்றியது. தட்டின் நடுவில், பாட்டை எழுதிய பர்னெலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முதலாளியின் மனைவி பெயர் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு வரி எழுதத் தெரியாது; ஆட வராது. ஆகஸ்ட் மாதம் வெள்ளைக்காரக் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் கோடு போட்ட சட்டையோடு அதே பாட்டைப் பாடித் தொலைக்காட்சியில் வந்தார்கள். பர்னெலைப் போடாத வானொலிகள் எல்லாம் அவர்களைப் போட்டன. ஒரு மூச்சைக்கூட விட்டுவிடாமல் அப்படியே பாடினார்கள். திக்கினார்கள். சிரிப்பதற்கு ஒரு பெண்ணைக் கூட்டிவந்து வைத்திருந்தார்கள். பர்னெலுக்கு நோவாக இருந்தது அவர்களுக்கு வித்தை ஆயிற்று.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. பர்னெலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஆம்ப்ரோஸும் மிசிசிப்பிப் பக்கம் ஒரு கூட்டாஞ்சோற்று விருந்தில் பாடக் காரில் போனார்கள். பட்டப்பகல். மாநில எல்லை தாண்டி அரை மணி நேரத்தில் இரண்டு வெள்ளைக்காரக் காவலர்கள் மறித்தார்கள். அங்கே நடந்ததை ஆம்ப்ரோஸ் பிறகு சவ அடக்கத்தன்று ஓசெல்லாவிடம் சொன்னான். இடையில் மூன்று முறை வெளியே போய்விட்டு வந்து சொன்னான்.

"பேரு என்னடா, பையா?"

"ப-ப-ப—"

இளைய காவலன் சிரித்துவிட்டான். மூத்தவன் சிரிக்கவில்லை.

"என்கிட்டயே பாடிக் காட்டுறியா?"

"இ-இ-இல்ல சார். ப-ப-"

"பாத்தியா இவன் திமிர! நம்ம பசங்க பாட்ட எடுத்து நமக்கே நக்கலு!"

ஆம்ப்ரோஸ் அப்போதுதான் வாயைத் திறந்தான். நண்பனைக் காப்பாற்றும் என்று நினைத்து உண்மையைச் சொன்னான். "சார், அது இவன் பாட்டுதான் சார்."

"அதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஓசி," என்று ஆம்ப்ரோஸ் சவ அடக்கத்தன்று அழுதான். "அதோட முடிஞ்சுது."

ஆம்ப்ரோஸை விரட்டிவிட்டார்கள். பர்னெலைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். கட்டிலிலிருந்து விழுந்தான் என்று கூடவே கொடுத்த காகிதம் சொன்னது. கட்டில் ஒன்றரை அடி உயரம். விழுந்தவனுக்கு இரண்டு கைகளும் உடைந்திருந்தன. பாதிரியார் கர்த்தரின் சித்தம் என்று ஆரம்பித்தபோது ஓசெல்லாவின் அம்மா எழுந்து, "கர்த்தர் கையில தடி இருந்துச்சா, ஐயா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தேவாலயப் படியேறவில்லை.

ஓசெல்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர் ஆனாள். இருபத்தொன்பது வருஷம் ஓட்டினாள். கல்யாணம் செய்துகொண்டாள், கணவனைப் புதைத்தாள், இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள். இதற்கிடையில் அந்தப் பாட்டு சாகவே இல்லை. இங்கிலாந்திலிருந்து நீள முடிக்காரர்கள் வந்து பாடினார்கள். சிரிப்பைத் தாங்களே பெண் குரலில் சிரித்தார்கள். எழுபதுகளில் மினுமினுப்புச் சட்டைக்காரர்கள் பாடியபோது ஒரு சிரிப்பு ஒன்பது சிரிப்பாயிற்று. தரை துடைக்கும் மருந்துக்கு விளம்பரம் வந்தது: அழுக்கு பி-பி-பின்னாடி நகர்ந்தது, இல்லத்தரசி சிரித்தாள்.

எத்தனை பேர் பாடினாலும் சிரிப்பு மட்டும் மாறவில்லை. ஆரம்பத்தில் ஒரு சின்ன விக்கல், அப்புறம் மேலே ஏறி, முடிவில் மூச்சு வாங்கல். பதினான்கு வயது ஓசெல்லாவை எல்லாரும் அச்சு அசலாகப் படித்துவைத்திருந்தார்கள். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி அவள் தன் சிரிப்பைக் கேட்டாள். கணவனுக்குச் சவப்பெட்டி பார்க்கப் போன கடையின் பின்னறையில் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் பர்னெல் அவள் கண்முன் வாயைத் திறந்துகொண்டு நின்றான். வார்த்தை பாதியில் இருக்கும். அவள் அதற்குள் சிரித்துவிடுவாள்.

"அவன் ஆவிதான்டி உன்னைச் சுத்துது," என்றாள் பக்கத்து வீட்டு எஸ்டெலின்.

"ஆவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது ரேடியோ. ஆவியா இருந்தா என் அண்ணன் என்கிட்ட எதுக்குடி வர்றான்? அந்த ரெண்டு போலீஸ்காரனும் எழுபது எம்பது வயசு வரைக்கும் நல்லா தூங்கினானுங்களே, அவனுங்ககிட்ட போயிருக்க மாட்டானா?"

பேருந்தில் ஒரு வருஷம் திக்குவாய்ச் சிறுமி ஒருத்தி ஏறினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்து அந்தப் பாட்டைப் பாடினார்கள். பின் இருக்கையில் ஒருத்தி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். ஓசெல்லா வண்டியை நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தாள். அதை அவள் தன் பெண்களிடம்கூடச் சொன்னதில்லை.

2018இல், அவளுக்கு அறுபத்தொன்பது வயதில், கியோஷா என்ற பாடகி அவள் வீட்டுக்கு வந்தாள். முப்பதைத் தொடும் வயது, அதே ஆரஞ்ச் மவுண்ட்காரி. ஒரு பெரிய கம்பெனிக்காக "பின்னாடி நகரு" பாட்டை மறுபடி பதிவு செய்யப் போகிறாளாம்.

"மிஸ் ஓசெல்லா, இத்தனை வருஷமா எல்லாரும் உங்க சிரிப்பைக் காப்பி அடிச்சாங்க. எனக்கு அசல் வேணும். நீங்களே வந்து சிரிக்கணும்."

"அசலா? கண்ணு, அந்த அசலைத் தொலைக்க அம்பத்தஞ்சு வருஷமா பாடுபடுறேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். கியோஷா காபியைத் தொடவில்லை.

"நான் அதை ஸ்டைலுன்னு நினைச்சேன்," என்றாள் கடைசியில்.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. அந்தப் போலீஸ்காரன் உட்பட."

நான்கு நாள் கழித்து ஓசெல்லாவே தொலைபேசியில் கூப்பிட்டாள். "வர்றேன். ஆனா சிரிக்கமாட்டேன். அந்த இடத்துல என்ன செய்யணுமோ அதைச் செய்றேன்."

கூடத்தில் ஒலிவாங்கி முன்னால் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். கியோஷா ஆரம்பித்தாள்: "பி-பி-பி—" அங்கே நின்றாள். எல்லாரும் சிரிப்புக்குக் காத்திருந்தார்கள். ஓசெல்லாவின் தொண்டையில் அந்த விக்கல் எழுந்தது, உடம்பு மறக்கவில்லை. அதை விழுங்கினாள்.

"அவசரம் இல்ல, பர்னெல்," என்றாள். "நான் இருக்கேன். சொல்லு."

டிரம்காரர் தூக்கிய குச்சியை இறக்கவில்லை. யாருடைய நாற்காலியோ கிறீச்சிட்டது. பிறகு கியோஷா, திக்காமல், மெதுவாகச் சொன்னாள்: "பின்னாடி நகரு." டிரம் விழுந்தது.

"எட்டு செகண்ட் சத்தமே இல்ல," என்றான் கம்பெனி ஆள், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து. "ஆடுறவன் அந்த எட்டு செகண்ட் என்ன பண்ணுவான் மேடம்?"

"நிப்பான். எட்டு செகண்ட் நின்னா செத்துடமாட்டான்."

கம்பெனி அந்த எட்டு நொடியை வெட்டி எறிந்தது. 1963இன் பழைய சிரிப்பை எடுத்து அங்கே ஒட்டி வெளியிட்டது. பாட்டு இப்போதும் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஓசெல்லாவின் எட்டு நொடி உள்ள பதிவைக் கியோஷா சண்டை போட்டு வாங்கி, முந்நூறு தட்டாக அச்சடித்து, இணையத்திலும் போட்டிருக்கிறாள். ஓசெல்லா ஒரு தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினான். "நான் என்னம்மா பண்ண? கேக்குறவங்க சிரிப்பு இருக்குறதைத்தான் கேக்குறாங்க," என்றான்.

கேட்கிறவர்கள் யார்? நீங்கள்தான். அந்த ஆள் சொன்னது பொய் இல்லை. அவன் எதைப் போடுவான் என்பது உங்கள் கையில் இருக்கிறது. சிறைக்குள் நடந்ததற்குச் சாட்சி இல்லை, தண்டனை இல்லை, அந்தக் காகிதமும் இன்றுவரை திருத்தப்படவில்லை. அதையெல்லாம் நாளைக்கே உங்களால் மாற்ற முடியாது. இதை மாற்ற முடியும். வானொலிக்கு எழுதுங்கள். கல்யாணத்தில் பாட்டுப் போடுபவனிடம் போய்ச் சொல்லுங்கள்: "பின்னாடி நகரு" வேண்டும், சிரிப்பு இல்லாதது வேண்டும். போட்டதும் அந்த எட்டு நொடி ஆடாமல் நில்லுங்கள்; பர்னெல் சொல்லி முடிக்கட்டும்.