எழுபத்தொன்றும் தொண்ணூற்றாறும்

வாங்கிய உடுப்பை உடம்புக்குத் தக்கபடி பிடித்துத் தரும் கடையில் அவள்தான் மூத்த தையல்காரி. யாராவது வந்து, "எனக்கு எப்பவும் மீடியம்தான்" என்றால் சிரித்துக்கொண்டே கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை உருவுவாள்.

"ஒரு கம்பெனி மீடியம் இன்னொரு கம்பெனிக்கு ஸ்மால்மா. சைஸ் சீட்டைப் பார்த்துத் தைச்சா மூச்சு முட்டும். கையைத் தூக்குங்க."

துணியில் இருந்த இந்தப் புத்தி பெற்ற மகள் விஷயத்தில் எங்கே போயிற்று என்று, சாமி முன்னால் நிற்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவள் மனம் குமைகிறது.

மகள் முதலில் படித்த பள்ளியில் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கஞ்ச டீச்சர். விடை சரியாக இருந்தாலும் போட்ட வழி சரியில்லை என்றால் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவார். பத்தாம் வகுப்பு முடிவில் பள்ளி வைத்த கணக்குத் தேர்வில் மகளுக்குக் கிடைத்தது எழுபத்தொன்று. அன்று பார்த்து நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எழுபத்தொண்ணா அண்ணி? என் பையன் தூங்கி வழிஞ்சுக்கிட்டே தொண்ணூத்தஞ்சு வாங்குறான். உங்க பொண்ணு முட்டி முட்டிப் படிச்சு இவ்வளவுதானா?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ பேசாதே" என்று அடக்கிவிட்டாள் தாய். மறுநாளே பள்ளிக்குப் போய் டீச்சரை வாசலில் மறித்தாள்.

"உங்க வீட்டுச் சொத்தையா எழுதிக் கேட்டோம்? மார்க்குதானே டீச்சர்?"

"நல்லாப் படிக்கிற பிள்ளைம்மா. அவசரப்பட்டு வேற எங்கேயும் மாத்திடாதீங்க" என்றார் டீச்சர்.

அது அவள் காதில் ஏறவில்லை. மகள் அழ அழ, நாத்தனார் மகன் படிக்கும் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே மதிப்பெண் கொட்டியது. கணக்கில் தொண்ணூற்றாறு என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். பாலம் கட்டும் படிப்புக்குப் பேர்போன கல்லூரி ஒன்றில் இடம் வாங்க வேண்டும், அது ஒன்றுதான் மகளுக்கு ஆசை. இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமா என்று தாய் நிம்மதியாக இருந்தாள்.

நேர்காணலுக்குத் துணையாகப் போனாள். சேர்க்கை அலுவலர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"தொண்ணூத்தாறு சரிதான்மா. ஆனா அந்த ஸ்கூல்ல பாதிப் பேருக்கு அதே மார்க். அதை வெச்சு யாருக்கு என்ன தெரியும்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? எந்த ஸ்கூல் எப்படி மார்க் போடுதுன்னு பார்த்துத்தான் எடை போடுவோம். சரி, பழைய ஸ்கூல்ல எழுபத்தொண்ணுன்னு இருக்கே, அது அங்கே எத்தனையாவது?"

"முதலாவது மேடம்" என்றாள் மகள், தலையைக் குனிந்தபடி.

தாய் சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். வெளியே வந்ததும், "ஏண்டி எங்கிட்ட சொல்லலை?" என்றாள்.

"சொல்ல வந்தேன்மா. நீ பேசாதேன்னுட்ட."

அந்தக் கணக்கு டீச்சரோடு பேச வேண்டும், அவர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள் என்று அலுவலர் கேட்டிருந்தார். எந்த முகத்தோடு போவது? ஆனாலும் போனாள். ஆசிரியர் அறையில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. பொண்ணு எப்படி இருக்கா?"

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்தது. "டீச்சர், அன்னிக்கு நான் பேசின பேச்சு..." என்று தொடங்கி, அதை முடிக்காமலே விட்டாள். தட்டுத்தடுமாறி வந்த விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"பேசுறேன். ஆனா கஞ்சத்தனமாத்தான் பேசுவேன்" என்றார் டீச்சர். தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்தது. "இங்கே இருந்த வரைக்கும் அவ எப்படின்னு சொல்வேன். அப்புறம் என்ன கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

அப்படியே பேசினார். கல்லூரி இடம் கொடுத்தது. ஆனால் நேரே படிப்பில் சேர முடியாது. புதிய பள்ளியில் விட்டுப்போன கணக்கையெல்லாம் முதலில் ஒரு வருஷம் ஆயத்த வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றார்கள். பழைய பள்ளித் தோழிகள் நேரே முதலாண்டில் போய் உட்கார்ந்தார்கள்.

"ஒரு வருஷம்தானேம்மா. நீ நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்ச" என்றாள் மகள். அந்த ஆறுதல்தான் தாயை அதிகமாகச் சுட்டது. நாத்தனாரின் ஒரு வார்த்தையைத் தாங்க முடியாமல் செய்தது என்று தனக்குத் தெரியாதா? பிள்ளையின் ஒரு வருஷத்தைத் தின்றது தன் ரோஷம் என்று கடவுளிடம் மட்டும் ஒப்புக்கொண்டாள். பிறகு ஒருநாள் மகளிடமும் சொன்னாள். மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆயத்த வகுப்பின் முதல் தேர்வுத்தாளை மகள் ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கி நீட்டினாள். ஐம்பத்தெட்டு. தாய் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். கை தானாகக் கழுத்து நாடாவைப் பற்றிக்கொண்டது.

"மத்த பிள்ளைங்க எவ்வளவு?" என்று கேட்டாள்.

"இதைத்தான் அன்னிக்கே கேட்டிருக்கணும் நீ" என்று மகள் சிரித்தாள்.

தாயால் சிரிக்க முடியவில்லை. "ஆமா. சொல்லு, கேட்கிறேன்" என்று பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து மகளுக்கு இடம் ஒதுக்கினாள்.